விருந்தாளியாக வந்த ட்ராம் வண்டி

கல்முனைப் பக்கத்துப் பிள்ளை ஒன்றிடம் கோச்சி எங்கே இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். மட்டக்களப்பில் என்றுதான் சொல்லும். 1928 ஆம் ஆண்டில் மட்டக்களப்பு வரை வந்து சேர்ந்த புகையிரதப் பாதை அங்கேயே நின்றுவிட்டது. கல்லடிப் பாலத்தைத் தாண்டித் தெற்கே ஒரு தண்டவாளமும் வரவில்லை. மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை உள்ள ஊர்களில் யார் உதயதேவியில் ஏற வேண்டுமென்றாலும், முதலில் பஸ்ஸில் இருந்துதான் பிரயாணத்தைத் தொடங்க வேண்டும். பாதையைக் கல்முனை வழியாகப் பொத்துவில் வரை நீட்ட வேண்டும் என்ற பேச்சை நம் மூத்தாப்பாமார் கேட்டார்கள், வாப்பாமார் கேட்டார்கள், நாமும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

கோச்சியே வராத கரையில் இருந்துகொண்டு ட்ராம் வண்டியைப் பற்றி என்ன பேச்சு என்று சகோதரிகள் சிலர் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. உலகத்தின் சில நகரங்களில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. புதிதாக ஒரு ட்ராம் பாதை போடலாமா என்று யோசிக்கும் காலத்திலேயே, வேறோர் ஊருக்குரிய வண்டி ஒன்றை விருந்தாளியாகக் கொண்டுவந்து பொதுமக்கள் பார்வைக்கு விடுவார்கள். ஏறிப் பாருங்கள், உட்கார்ந்து பாருங்கள், பிறகு வேண்டுமா வேண்டாமா என்று சொல்லுங்கள் என்பார்கள்.

நம் பகுதியில் வீடு பெண்ணுக்குரியது. மகளுக்கு வீடு கட்டும்போது குசினி எந்தப் பக்கம், கிணறு எந்தப் பக்கம், பின்வாசல் எங்கே திறக்கும் என்றெல்லாம் உம்மாவிடம் கேட்காமல் மேசன் அத்திவாரம் வெட்டுவதில்லை. அந்த வீட்டுக்குள் நாள் முழுக்க நடமாடப் போகிறவள் அவள் என்பதால்தான் அந்த மஷூறா. அப்படியானால் பஸ்ஸிலும் ரயிலிலும் தினமும் ஏறி இறங்குகிற பெண்ணிடம், படிக்கட்டு எவ்வளவு உயரம் இருக்கட்டும் என்று எப்போதாவது யாராவது கேட்டதுண்டா?

ட்ராம் என்றால் என்ன?

இளைய தலைமுறைக்கு ட்ராம் என்ற சொல்லே புதிது. வீதியோடு சமமாகப் பதித்த தண்டவாளத்தில், தலைக்கு மேலே கட்டிய மின்கம்பியிலிருந்து மின்சாரம் எடுத்து ஓடும் வண்டி அது. ரயிலை விடச் சிறியது, பஸ்ஸை விட நீளமானது. ஒடுங்கிய வளைவுகளிலும் திரும்பும். இதையே இன்னும் கொஞ்சம் வேகமாக, பெரும்பாலும் தனக்கென்று ஒதுக்கிய பாதையில் ஓடவிட்டால் அதற்கு இலகு ரயில் என்று பெயர்.

நம் நாட்டுக்கு இது ஒன்றும் அந்நியமான சாமான் அல்ல. இந்தியாவின் முதலாவது மின்சார ட்ராம் 1895 இல் சென்னையில் ஓடியது. நான்கு வருடம் கழித்து, 1899 இல், கொழும்பிலும் ட்ராம் வந்துவிட்டது. பூஸ்டட் சகோதரர்கள் என்ற ஆங்கிலேயக் கம்பனி அதை நடத்தியது. ஒரு பாதை கிராண்ட்பாஸுக்கும் இன்னொன்று பொரளைக்கும் போனது. 1929 இல் ஏ. ஈ. குணசிங்க தலைமையில் ட்ராம் தொழிலாளர் செய்த வேலைநிறுத்தம் இலங்கைத் தொழிற்சங்க வரலாற்றில் பெரிதாகப் பேசப்படுவது. 1944 இல் மாநகர சபை ட்ராம்களைப் பொறுப்பேற்றது. 1960 ஜூன் மாதத்தோடு கடைசி ட்ராமும் நின்றது. சென்னையில் 1953 இலேயே நின்றுவிட்டது. வீதியெல்லாம் மோட்டார் வண்டிக்கும் பஸ்ஸுக்கும் என்று ஆகிவிட்ட காலம் அது. ட்ராம் பழைய காலத்துக் குப்பை என்று உலகமே எண்ணியது.

பிறகு என்ன நடந்தது? வீதிகள் வாகனங்களால் அடைத்துக்கொண்டன. 1980 ஆம் ஆண்டுகளில் ஐரோப்பிய நகரங்கள் பல, தாம் கிளறி எறிந்த தண்டவாளத்தைத் திரும்பவும் போட யோசித்தன. விருந்தாளி வண்டியின் கதை அங்கேதான் தொடங்குகிறது.

மன்செஸ்டருக்கு வந்த இலண்டன் வண்டி

இங்கிலாந்தின் மன்செஸ்டர் நகரத்தில் பழைய ரயில் பாதைகள் இரண்டை நகரத்தின் நடுவே வீதியில் ஓடும் ட்ராம் பாதையால் இணைக்க ஒரு திட்டம் போட்டார்கள். வரைபடம் இருந்தது, கணக்கு இருந்தது. ஆனால் அந்நாட்டு மக்களில் இளையவர்கள் ட்ராமை நூதனசாலையில் மட்டுமே கண்டவர்கள். இலகு ரயில் என்று பேப்பரில் எழுதினால் அவர்களுக்கு என்ன விளங்கும்?

அந்த நேரத்தில் இலண்டன் துறைமுகப் பகுதிக்கென்று ஜெர்மனியில் புதிய இலகு ரயில் வண்டிகள் செய்துகொண்டிருந்தார்கள். அவற்றில் 11 ஆம் இலக்க வண்டியை 1987 மார்ச் மாதத்தில் மன்செஸ்டருக்குக் கொண்டுவந்தார்கள். டெப்டேல் பூங்கா என்ற இடத்தில், சரக்கு ரயில் போகும் பாதை ஒன்றில், தற்காலிக மேடை கட்டி வண்டியை நிறுத்தினார்கள். இலண்டனில் அது தரையோரமாகப் பதித்த மின்தண்டவாளத்தால் ஓட வேண்டியது. சாரதி இல்லாமல் தானாக ஓடக்கூடியது. மன்செஸ்டரின் திட்டமோ மேலே கம்பி கட்டி ஓட்டுவது. ஆகவே அந்த வண்டியின் கூரையில் கம்பியைத் தொடும் கை ஒன்றைப் பூட்டி, சாரதி ஒருவரை இருத்தி, வார இறுதி நாட்களில் பொதுமக்களை ஏற்றி ஓட்டிக் காட்டினார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இலண்டனில் அந்த ரயில் சேவை பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது 1987 ஆகஸ்ட் கடைசியில்தான். இலண்டன்வாசிகளின் வண்டியில் அவர்களுக்கு முன்னால் மன்செஸ்டர்வாசிகள் ஏறிவிட்டார்கள்! மாப்பிள்ளை வீட்டுச் சாப்பாட்டை அடுத்த ஊரார் வந்து ருசி பார்த்துப் போனது போல.

ஐந்து வருடம் கழித்து, 1992 ஏப்ரலில், மன்செஸ்டரின் சொந்தச் சேவை ஓடத் தொடங்கியது. இன்று அது பிரித்தானியாவிலேயே மிகப் பெரிய இலகு ரயில் வலையமைப்பு. அந்த மார்ச் மாதத்து வெள்ளோட்டம் ஒன்றினால் மட்டும் இது நடந்தது என்று சொன்னால் அது மிகை. சட்டம், பணம், அரசியல் எல்லாம் சேர்ந்துதான் நடந்தது. ஆனால் மக்கள் மனதில் இருந்த பழைய கடகடா ட்ராமின் உருவம் அந்த வாரங்களில் கழன்று விழுந்தது. கண்ணால் கண்டதற்கு நிகர் வேறென்ன?

ஏறிப் பார்த்தால் தெரிவது

ஒரு பெண் அப்படியொரு வண்டியில் ஏறும்போது என்ன பார்ப்பாள்? படத்தில் வண்டியின் நிறமும் முகமும்தான் தெரியும். ஏறும்போது கால் சொல்லும்.

நம் பஸ்களின் முதற்படியை நினைத்துப் பாருங்கள். இடுப்பில் ஒரு பிள்ளை, கையில் ஒரு பை, அபாயாவின் கரை காலில் தட்டுகிறது, பின்னால் நிற்பவர் அவசரப்படுத்துகிறார், கொண்டக்டர் ‘ஏறுங்க, ஏறுங்க’ என்று கத்துகிறார். முழங்கால் வருத்தக்காரியான ஒரு மூத்தம்மா அந்தப் படியில் ஏறுவதற்கு இரண்டு பேர் கைகொடுக்க வேண்டும். இப்போது பல நாடுகளில் ஓடும் தாழ்தள ட்ராம்களில் வண்டியின் தரை தண்டவாளத்திலிருந்து ஏறக்குறைய ஓரடி உயரம்தான். தரிப்பிடத்து மேடையையும் அதே மட்டத்துக்குக் கட்டிவிடுவதால், வீட்டு விறாந்தையிலிருந்து அறைக்குள் போவது போல நேராக நடந்து ஏறலாம். பிள்ளைத் தள்ளுவண்டியும் சக்கர நாற்காலியும் யாரும் தூக்காமலே உள்ளே போகும். இதையெல்லாம் பக்கம் பக்கமாக எழுதினாலும் ஒரு தடவை ஏறிப் பார்த்ததற்கு ஈடாகாது.

அடுத்தது நெருக்கம். இதை நம் வீடுகளில் வெளிப்படையாகப் பேசுவதில்லை. பேசாமல் இருப்பதால் இல்லாமல் போய்விடுவதும் இல்லை. ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் 2015 இல் இலங்கையில் நடத்திய ஆய்வில் 2500 பெண்களிடம் கேட்டார்கள். பஸ்ஸிலோ ரயிலிலோ தொந்தரவுக்கு ஆளானதாகச் சொன்னவர்கள் 90 சதவீதம். பொலிஸ் உதவியை நாடியவர்கள் 4 சதவீதம் மட்டுமே. பத்தில் ஒன்பது பேர்! நம் ஊர்ப் பெண் பிள்ளைகள் அந்தக் கணக்குக்கு வெளியே என்று நினைப்பதற்கு ஒரு நியாயமும் இல்லை. ‘பஸ்ஸில் தனியாகப் போகாதே’ என்று மகளைத் தடுப்பது சுலபம். அந்தத் தடையினால் அவளுடைய படிப்போ வேலையோ நின்றுவிடுகிறது. குற்றம் செய்தவன் அடுத்த நாளும் அதே பஸ்ஸில் போகிறான்.

இதற்கு வண்டியின் அமைப்பும் ஒரு பதில் சொல்ல முடியும். வளைகுடாவில் தொழில் பார்க்கும் நம்மவர்கள் துபாயைப் பார்த்திருப்பார்கள். அங்கே 2009 இல் மெட்ரோவும், 2014 நவம்பரில் ட்ராமும் தொடங்கின. இரண்டிலும் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் என்று ஒரு பகுதி ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதற்குள் நுழையும் ஆணுக்கு அபராதம் உண்டு. பெண் விரும்பினால் அங்கே ஏறலாம், குடும்பத்தோடு வந்தால் மற்றப் பகுதியிலும் ஏறலாம். முக்கியமான விசயம், இந்தப் பகுதி வண்டி செய்யும்போதே திட்டமிடப்பட்டது. வண்டி ஓடத் தொடங்கிப் பத்து வருடம் கழித்து ஒரு ஸ்டிக்கரை ஒட்டி ‘பெண்களுக்கு’ என்று எழுதுவது போன்றதல்ல.

ஹஜ் கடமையை முடித்து வந்தவர்களிடமும் கேளுங்கள். மினா, முஸ்தலிபா, அரபா ஆகிய மூன்று இடங்களையும் இணைத்து 2010 இல் தொடங்கிய மஷாயிர் ரயிலில் ஏறியவர்கள் அதன் கதையைச் சொல்வார்கள். 18 கிலோமீற்றர் நீளம், ஒன்பது நிலையங்கள், ஒரு வண்டியில் சுமார் 3000 பேர். வருடத்தில் சில நாட்களுக்கு மட்டும் ஓடும் அந்த ரயிலுக்காக, முன்னே ஓடிய பஸ்கள் ஆயிரக்கணக்கில் குறைந்தன. வயதான பெண்கள் எத்தனை பேருக்கு அது நிம்மதி! தூண்களின் மேல் ஓடும் அந்த ரயிலை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கொழும்புக்கு வரவிருந்ததும் தூண்களின் மேல் ஓடுவதுதான்.

காட்சிக்கு வந்தது எல்லாம் ஓடவில்லை

விருந்தாளி வண்டியின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் இது விளம்பரமாகிவிடும்.

2010 இல் கனடாவின் வான்கூவர் நகரத்தில் குளிர்கால ஒலிம்பிக் நடந்தது. அதற்காக பெல்ஜியத்தின் பிரசல்ஸ் நகரத்திலிருந்து இரண்டு புத்தம் புதிய ட்ராம்களை இரவலாகக் கொண்டுவந்தார்கள். 1.8 கிலோமீற்றர் பாதையில் ஜனவரி 21 முதல் மார்ச் 21 வரை இலவசமாக ஓட்டினார்கள். அறுபது நாளில் ஐந்தரை இலட்சம் தடவைக்கு மேல் ஆட்கள் ஏறினார்கள். நகரமே சந்தோசப்பட்டது. பிறகு? இரண்டு வண்டிகளும் பிரசல்ஸுக்குத் திரும்பிப் போயின. அந்தப் பாதையில் இன்று வரை நிரந்தர ட்ராம் சேவை வரவில்லை. மக்களின் விருப்பம் வேறு, பணப்பெட்டியின் சாவி வேறு.

ஸ்கொட்லாந்தின் எடின்பரோ கதை இன்னொரு விதம். அங்கே முடிவெடுத்து, வேலையும் தொடங்கி, 2010 ஏப்ரலில் முதலாவது வண்டியைக் கொண்டுவந்து நகரத்தின் பிரதான பிரின்சஸ் வீதியில் மக்கள் பார்வைக்கு நிறுத்தினார்கள். வண்டி வந்துவிட்டது, இனி ஓடுவதுதான் மிச்சம் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அந்த வீதியில் போட்ட பாதையையே 2011 இல் பழுது என்று கிளறித் திரும்பப் போட வேண்டி வந்தது. நகர சபைக்கும் ஒப்பந்தக்காரருக்கும் இடையே பெரிய தகராறு. 54.5 கோடி பவுண் என்று ஒதுக்கிய வேலை 77.6 கோடி பவுணில் முடிந்தது. அதுவும் முதலில் திட்டமிட்டதை விடக் குறுகிய பாதைக்கு! மக்கள் பணம் கொடுத்து ஏறியது 2014 மே 31 இல். எங்கே பிழைத்தது என்று விசாரிக்க அமைத்த குழுவின் அறிக்கை வெளிவந்தது 2023 இல்.

காட்சிக்கு நிற்கும் வண்டி தன் அழகை மட்டும்தான் காட்டும். டிக்கெட் எவ்வளவு, எத்தனை நிமிடத்துக்கு ஒரு வண்டி, இஷாவுக்குப் பிறகு கடைசி வண்டி உண்டா, தரிப்பிடத்தில் வெளிச்சம் இருக்குமா, வீதியைக் கிளறும் இரண்டு மூன்று வருடம் கடைக்காரரின் வியாபாரம் என்னாகும் என்று அதனிடம் கேட்க முடியாது. அதைக் கொண்டுவந்து நிறுத்தியவரிடம் கேட்க வேண்டும். வாயில் வைத்தால் கரையும் மஸ்கெற்றைத் தட்டில் நீட்டிவிட்டுக் கணக்கைப் பிறகு சொல்லும் கடைக்காரர் எல்லா ஊரிலும் உண்டு.

கொழும்பு இழந்தது

இனி நம் நாட்டுக்கு வருவோம். மாலபேயிலிருந்து கொழும்புக் கோட்டை வரை 15.7 கிலோமீற்றர் தூரத்துக்கு, தூண்களின் மேல், 16 நிலையங்களோடு இலகு ரயில் பாதை ஒன்று அமைப்பதற்காக 2019 மார்ச்சில் ஜப்பானின் ஜைக்கா நிறுவனத்தோடு கடன் ஒப்பந்தம் கைச்சாத்தானது. முதற்கட்டமாக 3000 கோடி யென். வட்டி 0.1 சதவீதம், திருப்பிக் கொடுக்க 40 வருடம், அதில் முதல் 12 வருடம் சலுகைக் காலம். பத்தரமுல்லை, ராஜகிரிய, பொரளை, தேசிய வைத்தியசாலை வழியாகப் பாதை போவதாக இருந்தது. 1960 இல் ட்ராமை இழந்த பொரளைக்கு, அறுபது வருடம் கழித்துத் தண்டவாளம் திரும்பி வரவிருந்தது. நம் பகுதியிலிருந்து நோயாளியைக் கூட்டிக்கொண்டு கொழும்புப் பெரியாஸ்பத்திரிக்குப் போகிறவர்களுக்கு, கோட்டையில் இறங்கியதும் அடுத்த வண்டி அங்கேயே நின்றிருக்கும்.

2020 செப்டெம்பரில் ஜனாதிபதியின் செயலாளரிடமிருந்து போக்குவரத்து அமைச்சின் செயலாளருக்குக் கடிதம் ஒன்று போனது. திட்டம் செலவு மிகுந்தது, கொழும்புக்குப் பொருத்தமானது அல்ல, நிறுத்துங்கள் என்பது அதன் சாரம். அதோடு முடிந்தது. வண்டி ஒன்றேனும் வந்து இறங்கவில்லை. அந்தப் பாதையால் போகவிருந்தவர்கள் படத்தில் கண்டதுதான்.

வட்டி என்ற சொல்லே நமக்கு உறுத்தும். அதைப் பற்றி மார்க்க அறிஞர்கள் சொல்வதற்கு மேல் இங்கே நாம் சொல்ல எதுவும் இல்லை. ஆனால் ஒரு கணக்கைப் பாருங்கள். ஜைக்காவோடு கைச்சாத்திட்ட அதே 2019 மார்ச்சில், அரசாங்கம் சர்வதேசச் சந்தையில் 240 கோடி டொலருக்குப் பிணைமுறிகளை விற்றது. அவற்றுக்கு வட்டி 6.85 சதவீதமும் 7.85 சதவீதமும். 0.1 சதவீதக் கடன் செலவு மிகுந்தது என்று நிறுத்திய நாடு, 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று கைவிரித்தது. அந்த வருடம் பெற்றோலுக்கும் டீசலுக்கும் நாள் கணக்கில் வரிசையில் நின்றதை எந்தக் குடும்பம் மறந்தது? எரிபொருள் இல்லாமல் பஸ் ஓடாத நாட்களில் வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் இருந்தவர்களில் பெண்கள் எத்தனை பேர்!

2023 மே மாதத்தில் ஜப்பான் போயிருந்த அப்போதைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க, திட்டம் நிறுத்தப்பட்டதற்குத் தம் வருத்தத்தைத் தெரிவித்தார். இரு நாடுகள் சம்மதித்த பெருந்திட்டத்தைப் பாராளுமன்றத்தின் அனுமதி இல்லாமல் நிறுத்த முடியாதபடி சட்டம் கொண்டுவருவதாகவும் சொன்னார். நல்லது. ஆனால் என் மனதில் படுவது வேறொன்று. ஒரு கடிதத்தால் நிறுத்தக்கூடியதாக அந்தத் திட்டம் இருந்ததற்கு, அதை மக்கள் தம்முடையதாக உணராததும் ஒரு காரணம். மாலபேயில் ஒரு வண்டியை ஒரு மாதம் நிறுத்தி, அலுவலகம் போகும் பெண்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் ஏறி இறங்கியிருந்தால், எங்கள் வண்டி எங்கே என்று கேட்பதற்காவது நாலு பேர் இருந்திருப்பார்கள்.

நம் கரைக்கு எது பொருந்தும்?

வரைபடத்தில் நம் ஊர்களைப் பாருங்கள். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று. நூலில் கோத்த மணிகள் போல ஒரே வீதியில், ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வயல். கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்குச் சுமார் 25 கிலோமீற்றர். இடையில் காலியான இடம் குறைவு. பிரதான வீதியிலிருந்து எந்த வீட்டுக்கும் நடந்து போகலாம் என்ற அளவில்தான் பல ஊர்கள் இருக்கின்றன. போக்குவரத்து நிபுணர்கள் தேடித் திரிவது இப்படிப்பட்ட அமைப்பைத்தான். ஒரே ஒரு பாதை எல்லா ஊரையும் தொட்டுவிடும். ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குப் போகும் பெண் பிள்ளைகள், கல்முனை ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் நோயாளிகள், பெருநாள் உடுப்பு வாங்கக் கல்முனை பஸாருக்கு வரும் குடும்பங்கள், மருதமுனைக் கைத்தறிச் சாரமும் சாரியும் வாங்க வருகிறவர்கள் எல்லாருக்கும் அதே வீதிதான்.

அதற்காக நாளைக்கே இங்கே ட்ராம் ஓட வேண்டும் என்று கேட்பது பேராசை. கொழும்பைப் போல இலட்சக்கணக்கானோர் தினமும் ஒரே திசையில் போகும் இடமல்ல இது. தூண் எழுப்பி ரயில் ஓட்டினால் தூணுக்கான கடனை நம் பேரப்பிள்ளைகளும் கட்டுவார்கள். பெருந்திட்டங்களின் ருசி நமக்குத் தெரியாததல்ல. 2013 இல் கோலாகலமாகத் திறந்த ஒலுவில் துறைமுகத்தின் வாயை மணல் அடைத்தது. வணிகக் கப்பல்கள் வந்து போகும் துறையாக அது ஆகவில்லை. பக்கத்துக் கரையைக் கடல் அரித்தது, தென்னைகள் விழுந்தன, மீன்பிடிக் குடும்பங்கள் படகு இழுக்க இடமில்லாமல் தவித்தன. திறப்பு விழாப் படத்தில் இவை ஒன்றும் இல்லை.

நம் வீதிக்கு இன்று ஏற்றது, என் அபிப்பிராயத்தில், நல்ல பஸ்தான். ட்ராமில் உள்ள தாழ்ந்த தரையும் அகன்ற கதவும் பஸ்ஸிலும் வைக்கலாம். பல நாடுகளில் அப்படித்தான் ஓடுகின்றன. மின்சாரத்தால் ஓடும் பஸ்ஸும் வந்துவிட்டது. தண்டவாளம் வேண்டாம், கம்பியும் வேண்டாம். பெண்களுக்கு ஒதுக்கிய பகுதி வண்டியின் முன்பக்கமா, நடுவிலா, சாரதியின் கண்ணுக்குத் தெரியும்படியா என்பதை வண்டி வாங்கும் முன்பே தீர்மானிக்கலாம்.

ஆனால் வாங்கும் முன்பு விருந்தாளியாக ஒரு வண்டி வரட்டும். கல்முனை பஸ் நிலையத்தில் இரண்டு நாள், அக்கரைப்பற்றில் இரண்டு நாள், பல்கலைக்கழக வாசலில் ஒரு நாள் நிற்கட்டும். காட்சி நேரத்தை அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் மட்டும் வைத்தால் சந்தியில் நிற்கும் ஆண்களும் இளைஞர்களும்தான் பார்ப்பார்கள். காலை ஒன்பதரைக்கும் பதினொன்றரைக்கும் இடையில், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரத்தில், பெண்களுக்கு மட்டும் என்று ஒதுக்க வேண்டும். மாதர் சங்கங்களுக்கும் பள்ளிவாசல் நிர்வாகத்துக்கும் ஒரு கிழமைக்கு முன்பே அறிவித்தல் போக வேண்டும். முழங்கால் வருத்தக்காரியான மூத்தம்மாவையும், கைப்பிள்ளைக்காரியையும், சக்கர நாற்காலியில் இருப்பவரையும் முதலில் ஏற்ற வேண்டும். வாசலில் ஒரு மேசை போட்டு, சொல்வதை எழுதிக்கொள்ள ஒரு பெண் உத்தியோகத்தர் கொப்பியோடு உட்கார்ந்திருக்க வேண்டும். அந்தக் கொப்பியில் எழுதியது என்ன, அதில் எதை ஏற்றார்கள், எதை ஏற்கவில்லை என்பதை வண்டி வாங்கும் முன்பு பிரதேச சபைகளிலும் மாநகர சபையிலும் எல்லாரும் பார்க்கும்படி ஒட்ட வேண்டும்.